காதுக்குள் செருகும் இயர்போன்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"இயர்போன் கெட்டுவிட்டது" என்று சொல்லிக் கையில் கொடுக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. காதுக்குப் பொருந்தாத ரப்பர் முனை, ஒலி வெளிவரும் வலையில் படிந்த குறும்பி (காது அழுக்கு), போனின் துளையில் அடைந்துகிடக்கும் பஞ்சு, போனின் அமைப்புகளில் தெரியாமல் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்ட இட வலச் சமநிலைப் பட்டை ஆகியவைதான் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. இவற்றுள் எதற்கும் புதிய கருவி தேவையில்லை. ஆகவே கீழுள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் செலவில்லாத காரணம் முதலிலும், பணம் செலவாகும் காரணம் கடைசியிலும் வருகின்றன. உங்களுக்குரிய தலைப்புக்கு நேரே சென்றுவிடலாம். அதற்கு முன் அடுத்துள்ள இரண்டு சோதனைகளை மட்டும் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.

## குறை கருவியிலா, போனிலா, காதிலா?

முதல் சோதனை, இயர்போனை வேறொரு போனிலோ கணினியிலோ இணைத்து, நன்கு பழகிய அதே பாட்டைக் கேட்பது. அங்கே குறை மறைந்துவிட்டால் இயர்போனைக் குறை சொல்ல இடமில்லை; போனின் அமைப்பையும் துளையையும் பார்த்தால் போதும்.

இரண்டாவது சோதனையை அநேகமாக யாரும் செய்வதில்லை, ஆனால் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறில்லை. இடக்காதில் இருப்பதை வலக்காதுக்கும், வலக்காதில் இருப்பதை இடக்காதுக்கும் மாற்றிச் செருகுங்கள். வடிவம் காரணமாகச் சற்று அசௌகரியமாக இருக்கும். ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். ஒலிக் குறைவு இயர்போனோடு சேர்ந்து மறு காதுக்கு நகர்ந்தால் குறை இயர்போனிலோ போனிலோ இருக்கிறது. எதை மாற்றினாலும் அதே காதில்தான் குறைவாகக் கேட்கிறது என்றால், அந்தக் காதில் முனை சரியாகப் பொருந்தவில்லை அல்லது காதிலேயே ஏதோ இருக்கிறது. இந்த ஒரு நிமிடத்தைச் செலவிடாமல் புதிய இயர்போன் வாங்கி, அதிலும் அதே பக்கம் குறைவாகக் கேட்கிறது என்று திகைத்தவர்கள் பலர்.

## அறிகுறி: பேஸ் இல்லை, ஒலி மெலிந்து தகரம்போல் கேட்கிறது

இந்தப் புகாரில் பத்துக்கு ஒன்பது பங்கு பொருத்தக் குறைதான் என்று தயங்காமல் சொல்லலாம். காதுக்குழாய்க்கும் முனைக்கும் நடுவே மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துபோய்விடும், எஞ்சுவது கீச்சுத்தன்மைதான். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு இயர்போன்களையும் விரலால் மெல்ல உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது பேஸ் சட்டென்று எழுந்து, விட்டதும் இறங்கினால் கருவி நலமாகவே இருக்கிறது. பொருத்தத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். அழுத்தும்போது இயர்போனின் உடலில் உள்ள சிறு காற்றுத் துளைகளை விரல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

### செருகும் முறை தவறா?

எல் என்று குறித்தது இடக்காதுக்கு, ஆர் என்று குறித்தது வலக்காதுக்கு. எழுத்து அழிந்திருந்தால், பல கருவிகளில் வலப்பக்கத்துக்குச் சிவப்பு வளையமும், சிலவற்றில் இடப்பக்கத்துக்குத் தடவி உணரக்கூடிய ஒரு புள்ளியும் இருக்கும்.

காதுக்குழாய் நேரான குழாயன்று; உள்ளே செல்லச் செல்ல வளைகிறது. எனவே நேராகத் தள்ளினால் முனை வளைவில் முட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னாலோ மேலாகவோ கொண்டுவந்து, செவிமடலின் மேற்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக மெல்ல இழுங்கள். இழுத்தபடியே மறு கையால் இயர்போனைச் செருகி, மூக்கை நோக்கிய திசையில் சற்றுத் திருகி, பிறகு மடலை விடுங்கள். மடல் தன் இடத்துக்குத் திரும்பும்போது காதுக்குழாய் முனையைச் சுற்றி மூடிக்கொள்ளும். வாயைச் சற்றுத் திறந்துகொண்டு செருகுவது சிலருக்கு இன்னும் எளிதாக இருக்கும். சரியாக அமர்ந்துவிட்டதற்கு அடையாளம், பாட்டு ஓடாதபோதே வெளிச்சத்தம் அடங்குவதும், பேசினால் உங்கள் குரலே தலைக்குள் முழங்குவதும்தான்.

### முனையின் அளவு தவறா?

பெட்டியில் வழக்கமாக மூன்று அளவுகள் வரும்; நடுத்தர அளவு ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலோர் மற்ற இரண்டையும் பெட்டியோடு மறந்துவிடுகிறார்கள். மாற்றிப் பார்ப்பவர்களும் எளிதாக உள்ளே போகிறது என்பதற்காகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆழமாக இறங்குவது வேறு, சுற்றிலும் மூடுவது வேறு. பேஸ் இல்லையென்றால் முதலில் ஒரு அளவு பெரியதை முயலுங்கள். அது காதின் வாயிலேயே மடிந்து சுருங்கி நின்றால் அளவு மிஞ்சிவிட்டது. சுருக்கத்தின் வழியாகவும் ஒலி கசியும் என்பதால், "பெரியதைப் போட்டும் சரியாகவில்லை" என்பவர்கள் ஒரு படி இறங்கிப் பார்க்க வேண்டும்.

இரு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இடக்காதில் நடுத்தரமும் வலக்காதில் பெரியதும் அணிவதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டு முனைகளில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நாள் முழுதும் கேட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவை நம்பாதீர்கள்.

### சிலிக்கானே ஒத்துவரவில்லையா?

எந்த அளவிலும் பெட்டியோடு வந்த சிலிக்கான் (ரப்பர்) முனை கசிகிறது என்றால், நுரைப் பஞ்சு முனை அடுத்த படி. இதை விரல்களுக்கு நடுவே உருட்டி மெலிதாக்கி, மேலே சொன்னபடி மடலை இழுத்துச் செருகி, அது உள்ளே விரிந்து முடியும்வரை ஏறக்குறைய அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் திணித்துவிட்டு உடனே கையை எடுப்பவர்களுக்கு இது சிலிக்கானைவிட மோசமாகத்தான் இருக்கும். நுரை நாளடைவில் விறைத்துப்போகும். உருட்டிவிட்ட பிறகு மெதுவாக விரியாமல் சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பினாலோ, விரியவே மறுத்தாலோ மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. வாங்கும்முன் உங்கள் இயர்போனில் முனை மாட்டும் குழலின் பருமனுக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள். தளர்ந்த முனை காதுக்குள்ளேயே கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

### பொருத்தம் சரி, ஆனாலும் பேஸ் இல்லையா?

போனிலும் பாட்டுச் செயலியிலும் ஈக்குவலைசர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) ஏதேனும் இயங்குகிறதா என்று பார்த்து அணைத்துவிடுங்கள். அடுத்து, கழற்றி மாட்டும் வயர் உள்ள இயர்போனாக இருந்து, அது இரட்டை ஊசி வகையாகவும் இருந்தால், ஒரு பக்கத்து ஊசிகள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கக்கூடும். இதன் அடையாளம் தனித்துவமானது: ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கேட்டால் குறையே தெரியாது, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பேஸ் காணாமல் போவதோடு, பாடுபவரின் குரல் நெற்றிக்கு நேராக நிற்காமல் எங்கோ சிதறிக் கிடப்பதுபோல் இருக்கும். ஒரு பக்கத்து ஊசியை மட்டும் கழற்றித் திருப்பிச் செருகினால் தீர்ந்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு, விரலால் அழுத்தினாலும் பேஸ் எழவில்லை, வேறு போனிலும் அப்படியே, வலையும் சுத்தமாக இருக்கிறது என்றால்தான் உள்ளிருக்கும் ஒலிபெருக்கி பழுது என்ற முடிவுக்கு வரலாம். உத்தரவாதக் காலம் இருந்தால் சேவை மையம், இல்லையென்றால் புதியது.

## அறிகுறி: காதில் நிற்காமல் நழுவி விழுகிறது

அளவையும் செருகும் முறையையும் மேலே சொன்னபடி சரிபார்த்த பிறகும் விழுகிறதென்றால், முனையில் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சிலிக்கான் முனையைக் கழற்றி, மென்மையான சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகு மாட்டினாலே பிடிப்பு திரும்பிவிடுவதுண்டு.

வயர் உள்ளதாக இருந்தால், வயரின் எடையே இயர்போனைக் கீழே இழுக்கிறது. காதின் மேல்பக்கமாக வயரைச் சுற்றிக் கொண்டுபோனால் இந்த இழுப்பு நின்றுவிடும். உருண்டை வடிவ இயர்போன்கள் பலவற்றை இப்படித்தான் அணிய வேண்டும், நேராகத் தொங்கவிட்டால் அவை ஒருபோதும் நிற்கா. தண்டு போன்ற அமைப்புள்ள வயரில்லா இயர்பட்களில் தண்டு தாடையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மெல்லும்போதும் சிரிக்கும்போதும் மட்டும் நழுவுவது தாடை அசைவால் காதுக்குழாயின் வடிவம் மாறுவதால் வருவது. இதற்கு நுரை முனையோ, மடலின் உள்மடிப்பில் மாட்டிக்கொள்ளும் இறகு வடிவ ரப்பரோ உதவும். இவை எல்லாம் தோற்றால் அந்த இயர்போனின் உடல் வடிவம் உங்கள் காதுக்கு உரியதன்று என்று ஏற்றுக்கொண்டு வேறு வடிவம் பார்ப்பது நல்லது. செவிக்கருவி நிபுணர் காதின் அச்செடுத்துச் செய்துதரும் முனைகளும் உண்டு. செலவு அதிகம், ஆனால் நாள் முழுதும் அணிபவர்களுக்குத் தகும்.

## அறிகுறி: ஒரு பக்கம் கேட்கவில்லை அல்லது குறைவாகக் கேட்கிறது

காது மாற்றும் சோதனையை இங்கே தவிர்க்கவே கூடாது. அதன் முடிவைப் பொறுத்துக் கீழுள்ள கிளைகளில் ஒன்றுக்குச் செல்லுங்கள்.

### குறை காதோடு நிற்கிறது

முனையைச் சரிசெய்த பிறகும் அதே காதில் குறைவாகக் கேட்டால், குறும்பி அடைத்திருப்பதுதான் முதல் ஐயம். குறும்பி தானாகவே வெளிநோக்கி நகர்ந்து உதிரக்கூடியது. நாள்தோறும் பல மணி நேரம் முனையைச் செருகி வைத்திருப்பது அதன் வழியை அடைக்கிறது. பஞ்சுக் குச்சியால் குடைந்தால் இன்னும் உள்ளே போய் இறுகிவிடும். செவிப்பறையில் துளை உள்ளவர்களும், காது அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குறும்பியை இளக்கும் எந்தச் சொட்டு மருந்தும் விடக் கூடாது.

ஒரு காதின் கேட்கும் திறன் திடீரென்று, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ குறைந்துவிட்டதாகத் தோன்றினால் இயர்போனை ஒதுக்கி வைத்துவிட்டு அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அது வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். உட்செவி சார்ந்ததாக இருந்தால், சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைந்துகொண்டே போகும்.

### குறை இயர்போனோடு நகர்கிறது

போனிலிருந்து தொடங்குங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அமைப்புகளுக்குள் அணுகல்தன்மை என்ற பகுதியில், இட வலச் சமநிலைக்கான பட்டை ஒன்று இருக்கும். அது நடுவில் இருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்றே நகர்த்துவதில்லை, எப்படியோ நகர்ந்துவிடுகிறது. வேறு போனில் இரு பக்கமும் சமமாகக் கேட்டால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வலை. முனையைக் கழற்றி, வெளிச்சத்தில் வலையைப் பாருங்கள். மஞ்சளாகவோ பழுப்பாகவோ அடைத்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. வலை தரையை நோக்கியிருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் உதிர்வது கீழே விழும். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அத்தனையும் உள்ளே போகும். சுவரில் காகிதம் ஒட்டப் பயன்படும் பிசுபிசுப்பான மறுபயன்பாட்டுப் பசைக் களிமண்ணை மெல்ல ஒற்றியெடுப்பதும் நல்ல பலன் தரும். ஊசியால் குத்துவதும், வாயால் ஊதுவதும், காற்றழுத்த டப்பாவால் பீய்ச்சுவதும், தூசி உறிஞ்சும் கருவியை வைத்து இழுப்பதும் வலைக்குப் பின்னால் உள்ள மெல்லிய படலத்தைக் கிழித்துவிடும். ஆல்கஹாலை ஊற்றுவதும் அப்படியே. கரைந்த குறும்பியை அது உள்ளேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

வயர் உள்ள இயர்போனில் மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது, போனில் செருகும் உலோகப் பின்னும் அது செல்லும் துளையும். பின் முழுவதும் உள்ளே போய்க் 'கிளிக்' என்று அமர்கிறதா? அமரவில்லை என்றால் போன் உறைதான் தடுக்கிறதா என்று உறையைக் கழற்றிப் பாருங்கள். பிறகு போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துத் துளையைப் பார்த்தால், பையில் இருக்கும் பஞ்சு அடியில் திரண்டு இறுகிக் கிடப்பது பலமுறை தெரியும். பல் குத்தும் மரக்குச்சியால் ஓரமாகச் சுரண்டி எடுக்கலாம். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது.

கடைசியாக வயர். பாட்டை ஓடவிட்டு, பின்னை ஒட்டிய பகுதியில் தொடங்கி இரண்டிரண்டு சென்டிமீட்டராக வயரை மெல்ல வளைத்துக்கொண்டே மேலே வாருங்கள். வளைக்கும்போது கரகரப்பு எழுந்து, விட்டுவிட்டுக் கேட்கும் இடத்தில்தான் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பின்னின் கழுத்திலோ, வயர் இரண்டாகப் பிரியும் இடத்திலோ, இயர்போனுக்குள் நுழையும் இடத்திலோதான் அறுபடும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் உறுதியாகப் பார்க்கலாம்: பின்னின் நுனி இடப்பக்கத்துக்கும், அடுத்த வளையம் வலப்பக்கத்துக்கும் உரியவை; மைக் உள்ள இன்றைய பின்களில் மூன்றாவது பகுதி இரு பக்கத்துக்கும் பொதுவான மின் இணைப்பு (பொது முனை), கடைசிப் பகுதி மைக். பொது முனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே அளந்தால் சாதாரண இயர்போன்களில் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் அளவில் காட்டும். ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் எதையும் காட்டவில்லை என்றால் அங்கே இணைப்பு அறுந்திருக்கிறது.

வயர் கழற்றக்கூடியதாக இருந்தால் இரு பக்க வயர்களையும் மாற்றி மாட்டிப் பார்த்து, குறை வயரோடு போனால் வயரை மட்டும் வாங்கினால் போதும். கழற்ற முடியாத வயர் பின்னின் அருகே அறுந்திருந்தால் பழுதுபார்ப்பவரால் வெட்டிப் புதிய பின்னைப் பற்றவைக்க முடியும். உள்ளிருக்கும் இழைகள் மெல்லிய வார்னிஷ் பூசப்பட்டவை, அப்பூச்சு நீங்காமல் ஈயம் ஒட்டாது. பழக்கமில்லாதவர்கள் முயன்று இருப்பதையும் இழப்பதைவிடக் கொடுத்துவிடுவதே மேல். இயர்போனின் உடலை ஒட்டி அறுந்திருந்தால், ஒட்டப்பட்ட கூட்டைப் பிளந்துதான் சரிசெய்ய வேண்டும். விலை குறைந்த கருவிக்கு அது கட்டாது.

### வயரில்லா இயர்பட்டில் ஒன்று மட்டும் வேலை செய்யவில்லை

முதலில் அதில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் பெட்டிக்குள் வைத்திருந்தும் ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போவதற்குப் பெரும்பாலும் தொடுமுனைகளில் படிந்த வியர்வை அழுக்கே காரணம். இயர்பட்டிலும் பெட்டிக்குள்ளும் உள்ள சிறு உலோகப் புள்ளிகளை உலர்ந்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுங்கள். புதியதாக வாங்கியதில் அந்தப் புள்ளிகளின் மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அகற்றப்படாமலே இருப்பதும் உண்டு. தனியாக வாங்கி மாட்டிய நீளமான முனைகள் இயர்பட்டைப் பெட்டிக்குள் முழுதாக அமரவிடாமல் தடுப்பதையும் கவனியுங்கள். பழைய முனையை மாட்டிச் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சார்ஜ் இருந்தும் ஒன்று பேசவில்லை என்றால், போனின் புளூடூத் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிட்டு, கையேட்டில் கூறியபடி மீட்டமைத்து மறுபடி இணையுங்கள். மீட்டமைக்கும் முறை கருவிக்குக் கருவி வேறுபடும் என்பதால் பொதுவாக ஒன்றைச் சொல்ல இயலாது. இரண்டும் இணைந்து, ஒன்று மட்டும் மற்றதைவிட மிக விரைவில் அணைந்துபோனால் அதன் பேட்டரி தேய்ந்துவிட்டது. பேட்டரி மாற்றும் வகையில் வடிவமைக்கப்பட்டவை மிகக் குறைவு. ஒற்றை இயர்பட் தனியாகக் கிடைக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்பதே நடைமுறைக்கு உகந்தது. கூடு பிளந்தோ உப்பியோ தெரிந்தாலும், சார்ஜ் ஏறும்போது கை பொறுக்காத அளவு சுட்டாலும் அதற்குப் பிறகு அதைக் காதில் வைக்கவோ சார்ஜ் போடவோ கூடாது.

## அறிகுறி: இசை கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் மறைகிறது

கேட்பவருக்குப் புதிராக இருக்கும், காரணம் எளியது. பின்னின் பொது முனை தொடர்பிழந்திருக்கிறது. பின்னைச் சற்று வெளியே இழுத்தும் திருப்பியும் பார்த்து, குரல் திரும்பினால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். பழைய கருவிகள் சிலவற்றில் மைக்கும் பொது முனையும் இடம் மாறியிருக்கும். அத்தகைய கருவியில் மட்டும் இக்குறை தோன்றி, இயர்போனின் மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பினால், இரண்டின் பின் அமைப்பும் பொருந்தவில்லை என்று பொருள். அதற்கென்று இடைமாற்றி கிடைக்கும். எதுவும் பொருந்தவில்லை என்றால் வயரில் பொது இழை அறுந்திருக்கிறது.

## அறிகுறி: நடந்தால் 'தொம் தொம்', வயர் உரசினால் 'கரகர'

இது பழுதே அன்று. முனை நன்றாக மூடியிருக்கும்போது காலடியும் வயரின் உரசலும் உடல் வழியாகக் காதை எட்டுகின்றன. வயரைக் காதின் மேலாகச் சுற்றி அணிந்து, மார்புக்கருகே ஒரு கிளிப்பால் உடையில் பிடிக்க வைத்தால் உரசல் பெருமளவு அடங்கும். தன் குரல் முழங்குவது தாங்கவில்லை என்பவர்கள் முனையைச் சற்று ஆழமாக அமரவைத்துப் பார்க்கலாம். வயரில்லா இயர்பட்களில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறை இருந்தால் பேசும்போது அதை இயக்கிக்கொள்ளலாம்.

## அறிகுறி: செருகும்போது 'சடசட' என்று மடிவது போன்ற ஒலி

உள்ளே அகப்பட்ட காற்று ஒலிபெருக்கியின் படலத்தை நெளியச் செய்வதால் எழும் ஒலி இது. மடலை இழுத்துப் பிடித்து மெதுவாகச் செருகினால் காற்று வெளியேற வழி கிடைக்கும். கழற்றும்போதும் சட்டென்று பிடுங்காமல், முதலில் சற்றுத் திருகி, காற்று புகவிட்டு எடுங்கள். செவிப்பறைக்கும் படலத்துக்கும் அதுதான் நல்லது. செருகிய பின் ஒலி சமமாக இருந்தால் கவலைப்பட எதுவுமில்லை.

## அறிகுறி: புளூடூத் ஒலி விட்டுவிட்டு வருகிறது

போன் எந்தப் பையில் இருக்கிறது என்று பாருங்கள். மனித உடல் புளூடூத் அலைகளை நன்றாகவே தடுக்கும். பின்பக்கப் பையில் இருந்த போனை மேல் சட்டைப் பைக்கு மாற்றியதும் சரியாகிவிடுவது அடிக்கடி நடப்பது. அதே இயர்பட்டுடன் வேறொரு கணினியோ டிவியோ இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நெரிசலான இடத்தில் மட்டும் விட்டுப்போய், திறந்த வெளியில் சரியாக இருந்தால் சுற்றியுள்ள அலைகளின் இடையூறுதான். எந்தப் பழுதுபார்ப்பவராலும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

### அழைப்பிலும் கூட்டங்களிலும் மட்டும் ஒலி மட்டமாகிறது

மைக்கும் இயங்கத் தொடங்கியதும் பல கருவிகள் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடும். சில கணினிகளின் ஒலிப் பட்டியலில் ஒரே இயர்பட் இரண்டு பெயர்களில் தோன்றும். அவற்றுள் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று குறிக்கப்பட்டதைத் தவிர்த்து மற்றதைத் தேர்ந்தெடுத்து, மைக்குக்குக் கணினியின் மைக்கையே பயன்படுத்தினால் ஒலி பழைய தரத்துக்குத் திரும்பும். எதிர்முனையில் இருப்பவர் உங்கள் குரல் மங்கலாகக் கேட்கிறது என்று சொன்னால், மைக் துளையை அழுக்கோ தலைமுடியோ மறைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி: இரைச்சல் நீக்கம் வேலை செய்யவில்லை, அல்லது 'கீ' என்று கூவுகிறது

முனை கசிந்தால், வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதியான இரைச்சல் நீக்கமும் கசியும். எனவே பேஸ் பற்றிய பகுதியில் சொன்ன அனைத்தும் இதற்கும் பொருந்தும். சில நிறுவனங்களின் செயலிகளில் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதியும் உண்டு. கையால் மூடும்போதோ தலையணையில் சாயும்போதோ மட்டும் கூவினால் அது இயல்பானது. காதில் அமைதியாக இருக்கும்போதும் கூவினால் வெளிப்புற வலைகளைத் துடைத்துவிட்டு, மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடங்காதது சேவை மையத்துக்கு உரியது.

## அறிகுறி: காது வலிக்கிறது, அரிக்கிறது

அணிந்த சிறிது நேரத்தில் அழுத்தம்போல் வலித்து, கழற்றியதும் போய்விட்டால் முனை பெரிதாக இருக்கிறது, அல்லது கருவியின் உடல் செவிமடலின் மடிப்பில் முட்டுகிறது. முந்தையதற்கு ஒரு அளவு சிறியது அல்லது நுரை முனை. பிந்தையதற்கு எந்த முனையும் உதவாது, வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். மிக ஆழமாகத் தள்ளுவதும் வலி தரும். காதுக்குழாயின் உட்பகுதியில் எலும்பின் மேல் மிக மெல்லிய தோல்தான் இருக்கிறது. அங்கே எந்த ரப்பருக்கும் வேலையில்லை.

அரிப்பு என்றால் முதலில் முனைகளைக் கழுவி முழுதும் உலர்த்துங்கள். குளித்த ஈரக் காதில் செருகுவதையும், பிறருடைய முனையைப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்கள். அப்படியும் நீடித்தால் முனையின் பொருளே ஒவ்வாமல் இருக்கலாம். சிலிக்கானிலிருந்து நுரைக்கோ, நுரையிலிருந்து சிலிக்கானுக்கோ மாற்றிப் பாருங்கள்.

செவிமடலை இழுத்தாலோ, காதுத் துளைக்கு முன்னால் உள்ள சிறு குருத்தெலும்பு மேட்டை அழுத்தினாலோ வலித்தால், அல்லது நீரோ சீழோ வடிந்தால் காதுக்குழாயில் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை எந்த முனையும் உள்ளே போகக் கூடாது.

### ரப்பர் முனை காதுக்குள்ளேயே தங்கிவிட்டது

விளிம்பு வெளியே நன்றாகத் தெரிந்து விரலால் பற்ற முடிந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள். அந்தக் காது கீழ்நோக்கி இருக்கும்படி தலையைச் சாய்த்து, மடலை மெல்ல இழுத்து அசைத்துப் பார்க்கலாம். இவை இரண்டுக்கும் வராவிட்டால் இடுக்கி, கொண்டை ஊசி, நீர் எதையும் முயலாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். வெளியே இருந்து தேடும் இடுக்கி அதைச் செவிப்பறையை நோக்கித்தான் தள்ளும். மருத்துவருக்கு இது சில நிமிட வேலை. அதே முனையை மறுபடி மாட்டாதீர்கள், அது அந்தக் குழலுக்கு உரிய அளவன்று.

### சார்ஜில் இருக்கும் போனில் வயர் செருகினால் காதில் 'சுரீர்' என்கிறது

உடனே காதிலிருந்து எடுத்துவிட்டு, அதன் பிறகு சார்ஜரை அகற்றுங்கள். குறை இயர்போனில் அன்று, சார்ஜரிலோ மின் இணைப்பிலோ இருக்கிறது. அந்தச் சார்ஜரை மறுபடி பயன்படுத்தாதீர்கள். வேறு சார்ஜரிலும் அப்படியே என்றால் மின்பணியாளரை அழைத்து நில இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: முழுச் சத்தம் வைத்தாலும் போதவில்லை

இரு பக்கமும் சமமாகக் குறைந்திருந்தால் முதலில் வலைகளைப் பாருங்கள். பிறகு போனில் ஒலி வரம்பு ஏதேனும் இயங்குகிறதா என்று பாருங்கள். புளூடூத்தில் போனுக்கும் இயர்பட்டுக்கும் தனித்தனி ஒலியளவு இருப்பதால் இரண்டையும் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

வரம்பை நீக்குமுன் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2018இல் வகுத்த எச்.870 என்னும் தரவரையறை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல், குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபெல் என்று எல்லை வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் கேட்கத் தகுந்த நேரம் பாதியாகும். 90 டெசிபெல்லில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் மிஞ்சும். சந்தடியில் கேட்காமல்தான் சத்தத்தை ஏற்றுகிறீர்கள் என்றால், முனை கசிகிறது என்பதே பெரும்பாலும் உண்மையான குறை. அதை அடைத்தால் பாதிச் சத்தமே போதுமானதாகிவிடும்.

சுத்தமான வலை, சரியான முனை, வேறொரு இயர்போன் என எல்லாவற்றிலும் முன்னைவிடச் சத்தம் தேவைப்படுகிறது என்றால் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். கழற்றிய பிறகும் காதில் இரைச்சல் ஒலித்து மறுநாளும் நீடித்தாலும், ஒரு காதில் மட்டும் ஒலித்தாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும். போகும்போது நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், எந்த ஒலியளவில் கேட்கிறீர்கள் என்பதைப் போனில் பார்த்துக் குறித்துக்கொண்டு செல்லுங்கள், அவர் முதலில் கேட்கும் கேள்விகளில் அதுவும் இருக்கும்.